‘செக்’ என்ற ஆங்கிலச் சொல்: இத்தனை பொருளும் ஒரே வேரா?

நிலாமுற்றம்

‘செக்’ என்ற சொல்லின் பொருள்களை ஒரு தாளில் எழுதிப் பார்த்தால் தலை சுற்றுகிறது. சரிபார்ப்பது செக். தடுத்து நிறுத்துவதும் செக். சதுரங்கத்தில் ராஜாவைத் தாக்கினால் செக். காசோலை செக். கட்டம் போட்ட துணி செக். விடுதியில் அறை எடுத்தால் செக்-இன், கிளம்பினால் செக்-அவுட். அமெரிக்காவில் உணவக பில்லும் செக், தாளில் போடும் சரிக்குறியும் செக்.

இவை வெவ்வேறு சொற்களா, ஒரே சொல்லா? ஒரே சொல் என்றால் ‘சரிபார்’ என்பதுதான் அடிப்படையாக இருக்கும், மற்றவை அதிலிருந்து கிளைத்திருக்கும் என்று தோன்றுகிறது. விவரம் தெரிந்தவர்கள் விளக்குங்கள்.

ஏட்டெலி

ஒரே வேர்தான். ஆனால் வரிசை நீங்கள் நினைப்பதற்கு நேர் தலைகீழ். முக்கியப் பொருள்களில் ‘சரிபார்’ கிட்டத்தட்ட கடைக்குட்டி.

சொல்லின் பொருள்களை எழுத்துச் சான்று கிடைக்கும் காலப்படி அடுக்கினால் இப்படி வரும்:

14-ஆம் நூற்றாண்டின் தொடக்கம்: சதுரங்கத்தில் ராஜா தாக்கப்பட்டதை அறிவிக்கும் குரல்.
அதே நூற்றாண்டின் பிற்பகுதி: திடீர்த் தடை, நிறுத்தம்.
1400 வாக்கில்: கட்டம் போட்ட வடிவம், அப்படிப்பட்ட துணி.
17-ஆம் நூற்றாண்டின் இறுதி: ஒப்பிட்டுச் சரிபார்த்தல்.
18-ஆம் நூற்றாண்டின் தொடக்கம்: பண ஆவணத்தின் அடிக்கட்டை, அதாவது ஆவணத்தைப் பிரித்துக் கொடுத்த பிறகு தங்கிவிடும் துண்டு. காசோலை என்ற பொருள் அதற்குப் பிறகு.
19-ஆம் நூற்றாண்டு, அமெரிக்கா: பொருளை ஒப்படைத்துவிட்டுப் பெறும் அடையாள வில்லை, உணவக பில்.

ஆக, ஆங்கிலத்தில் இது முதலில் சதுரங்கச் சொல். ‘சரிபார்’ வருவதற்கு மேலும் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இன்று அதிகம் புழங்கும் பொருளையே மூலப்பொருள் என்று எடுத்துக்கொள்வதுதான் இந்த மாதிரி ஆராய்ச்சியில் எல்லோரும் முதலில் இடறும் இடம். ஒரு பொருளின் புழக்கத்துக்கும் அதன் வயதுக்கும் சம்பந்தமே இல்லை.

ஒற்றெழுத்து

சதுரங்கக் குரலுக்கு முந்தைய கதை ஒலி மாற்றத்தின் கதை. ஒவ்வொரு படியையும் தனியாகப் பார்த்தால்தான் நம்ப முடியும்.

பழைய பாரசீகத்தில் அரசனுக்கு ‘க்ஷாயதிய’ என்பது போன்ற ஒரு சொல். ‘ஆள்’ என்று பொருள்படும் வேரிலிருந்து வந்தது. சமஸ்கிருதத்தின் ‘க்ஷத்ர’ அதே வேர்க்குடும்பம். தமிழில் நாம் சத்திரியர் என்று எழுதுகிறோமே, அதன் தாய்ச்சொல். பாரசீக மாகாண ஆளுநரைக் குறிக்கும் ‘சாட்ரப்’ என்ற சொல்லும் இந்தக் குடும்பமே. நீளமான அந்தச் சொல் தேய்ந்து ‘ஷாஹ்’ ஆயிற்று. ஆட்டத்தில் ராஜாக் காயின் பெயரும் அதுதான், எதிராளியை எச்சரிக்கும் குரலும் அதுதான். ‘ஷாஹ்!’ என்றால் ‘ராஜா, பார்த்துக்கொள்!’

அரபு வழியாக ஆட்டம் ஐரோப்பாவுக்குப் போனபோது சொல்லின் கடைசி ஹகரம் சிக்கலாயிற்று. சொல்லின் ஈற்றில் அப்படி ஒரு மூச்சொலி லத்தீன் பேசியவர்களுக்குப் பழக்கமில்லை. நாக்குக்கு வந்த ககரத்தைப் போட்டுக்கொண்டார்கள். ‘ஸ்காக்குஸ்’ என்று லத்தீனாயிற்று. சுவிட்சர்லாந்தின் ஐன்சீடெல்ன் மடத்தில் கி.பி. 1000-ஐ ஒட்டி எழுதப்பட்ட, ஆட்டத்தை விவரிக்கும் ஒரு லத்தீன் செய்யுளில் இந்தச் சொல் பன்மையில் வருகிறது.

அடுத்த படி தமிழர்களுக்குச் சொல்லாமலே புரியும். நாம் ஸ்கூலை இஸ்கூல் என்றும் ஸ்டேஷனை இஸ்டேஷன் என்றும் சொல்கிறோம். பழைய பிரெஞ்சும் இதையே செய்தது. நம்முடையது இகரம், அவர்களுடையது எகரம், அவ்வளவுதான் வித்தியாசம். லத்தீன் ‘ஸ்கோலா’ அங்கே ‘எஸ்கோல்’ ஆயிற்று. ‘ஸ்டாடுஸ்’ ‘எஸ்டாட்’ ஆயிற்று. அதேபோல ‘ஸ்காக்’ என்பது ‘எஸ்செக்’.

பிரான்சிலிருந்து வந்து இங்கிலாந்தை வென்ற நார்மானியர்களோடு ஆங்கிலத்துக்குள் வந்ததும் முன்னொட்டிய எகரம் உதிர்ந்தது. எஸ்டேட் ஸ்டேட் ஆனதும், எஸ்குவையர் ஸ்குவையர் ஆனதும் இதே உதிர்வு. இப்படி வலுவற்ற முதல் உயிர் உதிர்வதற்கு ‘அஃபெசிஸ்’ என்று 1880-இல் பெயர் வைத்தவர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் பதிப்பாசிரியர் ஜேம்ஸ் மர்ரே. எஸ்செக்கில் எகரம் போனது, ஒட்டிக்கொண்டிருந்த ஸகரமும் போனது, மிச்சம் செக்.

அதன் பன்மைதான் செஸ்! பிரெஞ்சில் ‘எஸ்செக்’ ஒருமை. பன்மையில் ஸகரம் சேரும்போது நடுவிலிருந்த ககரம் விழுந்து ‘எஸ்செஸ்’. அதன் தலை உதிர்ந்தால் செஸ். அதாவது ஆட்டத்தின் ஆங்கிலப் பெயருக்குச் சொல்லுக்குச் சொல் பொருள் ‘ராஜாக்கள்’. ஸ்பானியர்கள் வேறு வழி போனார்கள். அவர்களுடைய ‘அஹெத்ரெஸ்’ நம்முடைய சதுரங்கம்தான்: சதுரங்கம், பாரசீகத்தில் சத்ரங், அரபியில் அஷ்-ஷத்ரஞ்ச், அங்கிருந்து ஸ்பானியம்.

கட்டம்64

செக்மேட்டையும் சேர்த்துவிடுகிறேன். ‘ஷாஹ் மாத்’. பழைய அகராதிகள் பலவும் ‘ராஜா இறந்தான்’ என்று பொருள் தரும், அரபியில் ‘மாத்த’ என்றால் இறந்தான் என்பதால். பாரசீகத்திலேயே ‘மாத்’ என்றால் செயலற்றுப்போன, திகைத்து நிற்கிற என்று பொருள் உண்டு. அதை வைத்து ‘ராஜா வழியற்று நிற்கிறான்’ என்பதே சரி என்பவர்கள் இன்று அதிகம்.

ஆட்டம் தெரிந்தவனாகச் சொன்னால் எனக்கு இரண்டாவது விளக்கமே பொருந்துகிறது. சதுரங்கத்தில் ராஜா ஒருபோதும் வெட்டப்படுவதில்லை. மற்றக் காய்கள் பலகையை விட்டுப் போகும், ராஜா போகாது. தப்ப இடமில்லாத நிலையோடு ஆட்டம் முடிந்துவிடும். இறந்த ராஜா என்ற விளக்கம் விதியோடே ஒட்டவில்லை.

இன்னொன்று: நண்பன் என்ற பொருளில் வரும் ‘மேட்’ வேறு சொல். அது ஜெர்மானியக் கிளையிலிருந்து, ‘ஒரே உணவைப் பகிர்ந்து உண்பவன்’ என்ற கருத்தில் வந்தது. எழுத்து ஒன்று, வேர் வேறு.

சந்தேகப்பிராணி

ராஜாவிலிருந்து சதுரங்கம், சரி. ஆட்டத்தில் செக் சொன்னால் எதிராளி தன் திட்டத்தையெல்லாம் அப்படியே போட்டுவிட்டு ராஜாவைக் காப்பாற்ற வேண்டும். அதனால் ‘தடை’ என்ற பொருள் வந்தது, அதுவும் சரி. ஆனால் தடுப்பதிலிருந்து சரிபார்ப்பதற்கு எப்படித் தாவினார்கள்? ஒன்று வழியை மறிப்பது, மற்றொன்று உற்றுப் பார்ப்பது. இரண்டுக்கும் நடுவே ஒரு படி காட்டாவிட்டால் இது இருவேறு சொற்களை வலிந்து ஒட்டவைக்கிற வேலைதான்.

பழங்கணக்கு

நடுப்படி இருக்கிறது. கணக்கு வழக்கில் இருக்கிறது.

தடை என்ற பெயர்ச்சொல் முதலில் ‘ஒருவர்மீது தடை’ என்ற தொடராகப் புழங்கியது. பணம் கையாள்பவன் திருடாமலிருக்க அவன்மீது ஒரு தடை தேவை. கணக்கைப் பொறுத்தவரை அந்தத் தடை என்ன? கத்தியா, காவலாளியா? இரண்டாம் பிரதிதான். ஒரே விவரம் இரண்டு இடத்தில் எழுதப்பட்டு, இரண்டும் இருவேறு கைகளில் இருந்தால், ஒருவன் தன் பக்கத்தை மாற்றினாலும் மற்றது காட்டிக்கொடுத்துவிடும். இங்கே தடுப்பதும் ஒப்பிடுவதும் ஒரே செயல். முதலில் அந்த ஏற்பாட்டுக்குச் செக் என்று பெயர். பிறகு அந்த ஏற்பாட்டைப் பயன்படுத்தி ஒப்பிடும் செயலுக்குச் செக். கணக்கை விட்டு வெளியே வந்தபோது எதையும் பார்த்து உறுதிசெய்வது செக் ஆகிவிட்டது.

வலிந்து ஒட்டவைத்ததா என்பதைச் சோதிக்க ஒரு நல்ல வழி உண்டு. வேறொரு சொல் இதே பாதையில் நடந்திருக்கிறதா என்று பாருங்கள். ‘கன்ட்ரோல்’ நடந்திருக்கிறது, ஆனால் எதிர்த்திசையில். அதன் மூலம் ‘எதிர்ச்சுருள்’ என்று பொருள்படும் லத்தீன் ‘கோன்ட்ராரோடுலுஸ்’: கணக்கு எழுதிய சுருளுக்கு எதிராக வைத்திருக்கும் பிரதிச் சுருள். ஆகவே கன்ட்ரோலின் முதற்பொருள் ‘பிரதியோடு ஒப்பிட்டுச் சரிபார்’. அங்கிருந்து ‘அடக்கி ஆள்’ என்று ஆங்கிலத்தில் நகர்ந்தது. பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் அந்தச் சொல்லுக்கு இன்றும் சோதனை என்ற பொருள் வலுவாக உண்டு. எல்லையில் கடவுச்சீட்டைப் பார்ப்பதற்கு அதுதான் சொல்.

செக் ‘தடு’வில் தொடங்கி ‘சரிபார்’க்குப் போனது. கன்ட்ரோல் ‘சரிபார்’இல் தொடங்கி ‘தடு’வுக்குப் போனது. இரண்டும் கணக்குப் பிள்ளையின் மேசையில் ஒன்றையொன்று கடந்து போயிருக்கின்றன.

சந்தேகப்பிராணி

கன்ட்ரோல் ஒப்பீடு வலுவானது, ஏற்கிறேன். அப்படியானால் இங்கிலாந்தின் கருவூலத்துக்கு எக்ஸ்செக்கர் என்று பெயர் வந்தது இந்தச் ‘சரிபார்’ பொருளால்தானே? கணக்குச் சரிபார்க்கும் இடம்.

பழங்கணக்கு

இல்லை. காலம் இடிக்கிறது. எக்ஸ்செக்கர் 12-ஆம் நூற்றாண்டிலேயே இயங்கியது. அதன் கணக்குச் சுருள்களில் இன்று மிஞ்சியிருப்பவற்றில் மிகப் பழையது 1130-ஐச் சேர்ந்தது. ‘சரிபார்’ என்ற பொருள் வர இன்னும் ஐந்து நூற்றாண்டுக்கு மேல் இருக்கிறது. பெயர் வந்தது மேசையிலிருந்து. சதுரங்கப் பலகைக்கு லத்தீனில் ‘ஸ்காக்காரியும்’. அதே பெயரை மேசைக்கும், பிறகு மேசையைச் சுற்றி உட்கார்ந்த அலுவலகத்துக்கும் வைத்தார்கள்.

அந்த மேசையைப் பற்றி நேரடி வருணனையே இருக்கிறது. மன்னரின் கருவூலத் தலைவராக இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் 1170-களின் பிற்பகுதியில் வினா விடையாக எழுதிய கையேடு. அதன்படி மேசை நீளம் சுமார் 10 அடி, அகலம் 5 அடி. காசு உருண்டு விழாமலிருக்க நான்கு விரல் உயரத்துக்குச் சுற்றிலும் விளிம்பு. மேலே ஈஸ்டர் பருவத்தில் வாங்கிய துணி.

கணக்கு எப்படி நடந்தது என்பதுதான் சுவையான பகுதி. ரோமன் எண்களில் எழுதிக் கழிப்பது படாத பாடு. அதனால் வில்லைகளை நகர்த்திக் கழித்தார்கள். துணியில் ஏழு பத்திகள். வலமிருந்து: பென்னி, ஷில்லிங், பவுண்டு, இருபது பவுண்டு, நூறு, ஆயிரம், பத்தாயிரம். 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. ஆகவே பென்னிப் பத்தியில் 11 வில்லைக்கு மேல் நிற்காது, ஷில்லிங் பத்தியில் 19-க்கு மேல் நிற்காது. நிறைந்தால் அடுத்த பத்தியில் ஒன்று.

ஓர் எடுத்துக்காட்டு போடுகிறேன். மன்னருக்காக ஒரு வட்டாரத்தில் பணம் வசூலித்த அதிகாரி ஷெரிஃப். அவர் கட்ட வேண்டியது 123 பவுண்டு 14 ஷில்லிங் 7 பென்னி. மேல் வரிசையில் நூறில் 1, இருபதில் 1, பவுண்டில் 3, ஷில்லிங்கில் 14, பென்னியில் 7. கட்டியது 98 பவுண்டு 12 ஷில்லிங் 4 பென்னி. அதைக் கீழ் வரிசையில் வைத்தால் இருபதில் 4, பவுண்டில் 18, ஷில்லிங்கில் 12, பென்னியில் 4. இப்போது கீழே உள்ள அளவுக்கு மேலே எடுக்க வேண்டும். பென்னியில் 3 மிச்சம். ஷில்லிங்கில் 2 மிச்சம். பவுண்டில் 3-லிருந்து 18 போகாது. இருபதில் இருக்கும் ஒன்றை உடைத்தால் பவுண்டில் 23, அதில் 18 போக 5. இருபதில் இப்போது ஒன்றுமில்லை, ஆனால் 4 எடுக்க வேண்டும். நூறை உடைத்தால் ஐந்து இருபது, 4 போக 1. மிச்சம் 25 பவுண்டு 2 ஷில்லிங் 3 பென்னி. எழுதப் படிக்கத் தெரியாத ஷெரிஃபும் தன் கண்ணெதிரே நடப்பதைப் புரிந்துகொள்ளலாம். அதுதான் அந்த ஏற்பாட்டின் கெட்டிக்காரத்தனம்.

எழுத்துக்கூட்டலில் உள்ள ‘எக்ஸ்’ போலி. ஒற்றெழுத்து சொன்ன அதே முன்னொட்டிய எகரத்தை, லத்தீன் முன்னொட்டு ‘எக்ஸ்’ தேய்ந்து வந்ததாக யாரோ கற்றவர்கள் எண்ணி ‘திருத்தி’யிருக்கிறார்கள்.

கட்டம்64

ஒரு சின்ன விஷயம். அந்தத் துணி கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி வரும் உண்மையான சதுரங்கப் பலகை போல இருந்ததாகப் பல கட்டுரைகளில் படம் போடுகிறார்கள். ஃபிட்ஸ்நீல் சொல்வது கறுப்புத் துணியில் ஓர் அடி அல்லது ஒரு சாண் இடைவெளியில் கோடுகள் என்றுதான். வில்லைக் கணக்குக்குப் பத்திகள்தான் வேண்டும், நிறம் மாறுவதால் ஒரு பயனும் இல்லை.

பெயர் பொருந்துவதற்கு அவரே இன்னொரு காரணமும் சொல்கிறார்: மேசைக்கு இந்தப் பக்கம் கருவூலத் தலைவர், அந்தப் பக்கம் ஷெரிஃப், இருவருக்கும் நடுவே சதுரங்கம் போலவே போர். பெயர்க்காரணமாக இதை எடுத்துக்கொள்ள முடியாது. நல்ல நகைச்சுவையாக எடுத்துக்கொள்ளலாம்.

வங்கிமேசை

காசோலைக்கு வருவோம். இதில் இரண்டு தவறான கதைகள் உலவுகின்றன. ஒன்று, எக்ஸ்செக்கரிலிருந்து நேரடியாகச் செக் வந்தது என்பது. இரண்டு, அரபு ‘ஸக்’ என்ற சொல்லிலிருந்து வந்தது என்பது. இரண்டாவது இணையத்தில் தீயாய்ப் பரவியிருக்கிறது.

ஸக் என்ற ஆவணம் உண்மை. இடைக்கால அரபு வணிகத்தில் பணம் கொடுக்க உறுதி தரும் எழுத்து அது. ஒலியும் ஒத்துப்போகிறது, பயனும் ஒத்துப்போகிறது. அதனால்தான் கதை நம்பும்படி இருக்கிறது.

சந்தேகப்பிராணி

ஒலியும் பொருளும் ஒத்துப்போனால் வேறென்ன வேண்டும்? சதுரங்கச் சொல்லே அரபு வழியாகத்தானே வந்தது?

வங்கிமேசை

சங்கிலி வேண்டும். சதுரங்கச் சொல்லுக்கு அரபு, லத்தீன், பிரெஞ்சு, ஆங்கிலம் என ஒவ்வொரு கண்ணிக்கும் எழுத்துச் சான்று உண்டு. ஸக்கிலிருந்து ஆங்கிலக் காசோலைக்கு அப்படி நடுக்கண்ணி கிடையாது. பிரெஞ்சு வழியாக வந்திருக்கும் என்றால், பிரெஞ்சில் காசோலைக்கு உள்ள ‘ஷெக்’ என்ற சொல்லே ஆங்கிலத்திடம் கடன் வாங்கியது. காசோலைக்கான பிரெஞ்சுச் சட்டம் 1865-இல்தான் வந்தது. இத்தாலியில் இடைக்காலத்திலிருந்தே வங்கித் தொழில் செழித்தது, ஆனால் அவர்கள் காசோலையை ‘அசேஞ்ஞோ’ என்கிறார்கள்.

ஆங்கிலத்துக்கு உள்ளேயே தடயம் தெளிவாக இருக்கிறது. லண்டனில் கிளேட்டன், மோரிஸ் என்போரின் வங்கித் தொழிலகத்தின்மேல் எழுதப்பட்ட 400 பவுண்டு காசோலை ஒன்று மிஞ்சியிருக்கிறது. அதில் உள்ள தேதி 1659 பிப்ரவரி 16. அன்றைய இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச்சில் பிறந்ததால் நம் கணக்கில் 1660. ஆக, பொருள் இருக்கிறது, ஆனால் அந்தக் காலத்தில் அதற்குச் செக் என்று பெயர் இல்லை. ‘டிரான் நோட்’ என்பார்கள். சொல் பொருளோடு சேர்ந்து வெளிநாட்டிலிருந்து இறங்கியிருந்தால் தொடக்கத்திலிருந்தே அந்தப் பெயர் இருந்திருக்கும்.

செக் என்ற சொல் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பண ஆவண உலகத்தில் நுழைகிறது, அதுவும் ஆவணத்துக்கு அல்ல, அதன் அடிக்கட்டைக்கு. வங்கியில் தங்கும் கட்டையோடு ஒப்பிட்டால் போலி தெரிந்துவிடும். பழங்கணக்கு சொன்ன ‘இரண்டாம் பிரதி’ இதுதான். 1717-இல் இங்கிலாந்து வங்கி எண்ணிட்ட அச்சுப் படிவங்களைக் கொடுக்கத் தொடங்கியது. அந்தத் தாளும் செக் தாள். அடிக்கட்டையின் பெயர் தாளுக்கு, தாளின் பெயர் ஆவணத்துக்கு என்று நகர்ந்து நிலைத்துவிட்டது.

எக்ஸ்செக்கருக்கு இதில் பங்கு உண்டு, ஆனால் எழுத்துக்கூட்டலில் மட்டும். முதலில் எல்லோரும் சி, கே என்றே முடித்து எழுதினார்கள். கியூ, யூ, இ என்று முடிவது பின்னால் வந்த பழக்கம். 1820-களில் வங்கித்தொழில் பற்றி எழுதிய ஜேம்ஸ் வில்லியம் கில்பார்ட், பெரும்பாலோர் பழைய கூட்டலை எழுதுகிறார்கள், ஆனால் குழப்பம் தராதது என்பதாலும் எக்ஸ்செக்கரோடு ஒத்திருப்பதாலும் புதியதை எடுத்துக்கொள்கிறேன் என்று வெளிப்படையாகவே காரணம் சொல்கிறார். அமெரிக்கர்கள் பழைய கூட்டலிலேயே நின்றுவிட்டார்கள். அவர்கள் எழுதுவது சிதைவு என்று நினைப்பவர்கள் கவனிக்க: இந்தச் சொல்லில் மாறியது பிரிட்டிஷ் கூட்டல்தான்.

பழங்கணக்கு

அடிக்கட்டைக்கு முன்னோடியாக எக்ஸ்செக்கரில் எண்ணுக்குச்சி இருந்தது. பணம் கட்டியதற்கு ரசீது. ஒரு மரக்குச்சியில் தொகைக்கேற்ப வெட்டுவார்கள்: ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கை அகலம், நூறுக்குக் கட்டைவிரல் அகலம், இருபதுக்குச் சுண்டுவிரல் அகலம், ஒரு பவுண்டுக்கு ஒரு வாற்கோதுமை மணி அளவு, ஷில்லிங்குக்கு அதைவிடச் சிறியது, பென்னிக்கு ஒரு கீறல். பிறகு குச்சியை நெடுக்காகப் பிளந்தால் வெட்டுகள் இரண்டு பாதியிலும் இருக்கும். நீளமான பாதி ‘ஸ்டாக்’ பணம் கொடுத்தவனுக்கு, குட்டையானது ‘ஃபாயில்’ அலுவலகத்துக்கு. ஒருவன் தன் பாதியில் கூடுதலாக வெட்டினால் சேர்க்கும்போது பொருந்தாது. அடிக்கட்டைக்கு ஆங்கிலத்தில் ‘கவுன்டர்ஃபாயில்’ என்பதில் இந்த ஃபாயிலைப் பார்க்கலாம்.

இந்த முறை 1826 வரை இழுத்தது. தேங்கிக் கிடந்த குச்சிகளை 1834 அக்டோபர் 16 அன்று நாடாளுமன்றக் கட்டடத்தின் அடுப்புகளில் போட்டு எரித்தபோது தீ பரவிக் கட்டடத்தின் பெரும்பகுதியே போயிற்று. செக்கோடு நேரடித் தொடர்பு இல்லை, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

நிலாமுற்றம்

அப்படியானால் செக்-இன், உணவக பில், கட்டம் போட்ட துணி எல்லாம் எந்தக் கிளையில்?

ஏட்டெலி

துணி பலகையின் கிளை. பலகை செக்கர், அதன் வடிவம் கொண்டதும் செக்கர், அதைச் சுருக்கினால் செக். கார்ப் பந்தயம் முடியும்போது ஆட்டும் கொடியும் இதுதான். அமெரிக்கர்கள் ‘செக்கர்ஸ்’ என்று சொல்லும் பலகை விளையாட்டும் இதுதான். பிரிட்டனில் அதற்கு ‘டிராஃப்ட்ஸ்’ என்று பெயர். ஆனால் சரிபார்ப்பவர் என்ற பொருளில் வரும் செக்கர் வேறு கட்டுமானம்: செக் என்ற வினையோடு ‘அர்’ விகுதி சேர்ந்தது. பலகைச் செக்கரில் உள்ள ‘அர்’ விகுதியே அல்ல, லத்தீன் ‘ஆரியும்’ தேய்ந்தது.

மற்றவை அடிக்கட்டையின் பேரப்பிள்ளைகள். ரயிலில் பெட்டியை ஒப்படைத்தால் எண் பொறித்த வில்லை ஒன்று பெட்டியில், அதன் இணை உங்கள் கையில். இரண்டும் பொருந்தினால் பெட்டி உங்களுடையது. அந்த வில்லை செக், ஒப்படைக்கும் செயலும் செக். கோட்டும் தொப்பியும் கொடுத்து வைக்கும் இடத்துக்கு ‘கோட் செக்’. மழையால் பேஸ்பால் ஆட்டம் நின்றால் இன்னொரு நாள் வர உரிமை தரும் சீட்டின் துண்டு ‘ரெயின் செக்’, 1880-களில் வந்தது. இன்று யாராவது அழைத்து, ‘ரெயின் செக் எடுத்துக்கொள்கிறேன்’ என்றால் ‘இன்று முடியாது, பிறகு பார்ப்போம்’ என்று பொருள். செக்-இன், செக்-அவுட் இரண்டும் அமெரிக்க ஆங்கிலத்தில் வளர்ந்தவை. பதிவேட்டில் வரவும் போக்கும் குறிப்பது.

ஒற்றெழுத்து

மற்ற மொழிகளில் இந்தச் சொல் இரண்டு முறை நுழைந்திருப்பதையும் பார்க்கலாம். பிரெஞ்சில் ‘எஷெக்’ என்றால் தோல்வி, அதன் பன்மை சதுரங்கம். ‘ஷெக்’ என்றால் காசோலை. முன்னது வீட்டில் இருந்த பிள்ளை, பின்னது ஆங்கிலேயரிடம் வளர்ந்து திரும்பி வந்தது. ஜெர்மனில் ‘ஷாக்’ சதுரங்கம், ‘ஷெக்’ காசோலை. ரஷ்யனில் ‘ஷாக்’ என்றால் பாரசீக மன்னரும் ஆட்டத்துக் குரலும். ‘செக்’ என்றால் காசோலையும் கடை ரசீதும்.

செக் நாட்டுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று யாராவது கேட்பதற்குள்: கிடையாது. அது அந்த மக்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர்.

சந்தேகப்பிராணி

வரலாறு இருக்கட்டும். மொழிபெயர்க்கிறவனுக்கு இதனால் என்ன லாபம்?

ஏட்டெலி

நிறைய. இன்று ‘சரிபார்’ மேலோங்கி நிற்பதால் பழைய கிளைகளையும் அதிலேயே தள்ளிவிடுகிறார்கள். அடிக்கடி கண்ணில் படுபவை:

‘செக்ஸ் அண்ட் பேலன்சஸ்’ என்ற அரசியல் தொடரைச் ‘சரிபார்ப்புகளும் சமநிலைகளும்’ என்று எழுதுவது. அங்கே செக் என்றால் தடை. ஓர் அதிகார அமைப்பு மற்றொன்றை வரம்பு மீறாமல் நிறுத்துவது. ‘தடைகளும் சமன்களும்’ என்பதே கருத்து.

‘அன்செக்ட்’ வளர்ச்சி என்பதைச் ‘சரிபார்க்கப்படாத வளர்ச்சி’ என்பது. தட்டிக்கேட்க ஆளில்லாத, கட்டுக்கடங்காத வளர்ச்சி என்று வர வேண்டும். மென்பொருள் படிவத்தில் ‘அன்செக்ட்’ என்றால் மட்டும் குறியிடாத கட்டம்.

விமானப் பயணத்தில் ‘செக்ட் பேகேஜ்’ என்பதைச் ‘சோதிக்கப்பட்ட பெட்டி’ என்பது. கையில் எடுத்துப்போகும் பையையும்தான் சோதிக்கிறார்கள். இங்கே வில்லைக் கிளை: சீட்டுப் பெற்று ஒப்படைத்த பெட்டி.

‘செக்கர்ட்’ கடந்தகாலம் என்றால் கட்டங்கட்டமாக வெளிச்சமும் இருட்டும், அதாவது ஏற்ற இறக்கமும் கறையும் கலந்த வாழ்க்கை. யாரும் சோதித்ததல்ல.

பொறியியலில் ‘செக் வால்வ்’ எதையும் சோதிக்காது. திரவம் பின்னால் திரும்பாமல் தடுக்கும். ‘செக் டேம்’ என்பதற்குத் தமிழில் தடுப்பணை என்று சரியாகப் பெயர் வைத்தவர் யாரோ, கிளையை அறிந்து வைத்திருக்கிறார்.

நிலாமுற்றம்

வாக்கியத்துக்குள் வரும்போது எப்படிக் கண்டுபிடிப்பது? ‘டாக்டர் செக்ட் த ப்ளீடிங்’ என்று ஒரு பழைய நூலில் வருகிறது. மருத்துவர் குருதிப்போக்கைப் பரிசோதித்தாரா, நிறுத்தினாரா?

ஏட்டெலி

நிறுத்தினார். செயப்படுபொருளைப் பாருங்கள். அது ஓடிக்கொண்டோ பரவிக்கொண்டோ முன்னேறிக்கொண்டோ இருக்கிற ஒன்றாக இருந்தால் பெரும்பாலும் தடு: குருதி, தீ, நோய்ப்பரவல், படையெடுப்பு, கோபம், வேகம். நின்ற இடத்தில் நிற்கும் பொருளாக இருந்தால் சரிபார்: காயம், கணக்கு, பூட்டு, விலை. ‘செக்ட் த வூண்ட்’ என்றிருந்தால் காயத்தைப் பார்த்தார் என்று பொருள்.

இந்த வழி கைவிடும் இடமும் உண்டு. ‘செக்ட் த ஸ்பீட்’ என்பது வேகத்தைக் குறைத்ததாகவும் இருக்கலாம், அளந்து பார்த்ததாகவும் இருக்கலாம். அப்போது நூலின் வயதைப் பாருங்கள். 19-ஆம் நூற்றாண்டு நூல் என்றால் ‘தடு’வை முதலில் வைத்துப் பார்த்து, பொருந்தாவிட்டால் மட்டும் ‘சரிபார்’க்கு வாருங்கள். இன்றைய நாளிதழ் என்றால் மாற்றிச் செய்யுங்கள். ‘செக் ஆன்’, ‘செக் வித்’, ‘செக் ஃபார்’ என்று பின்னால் ஓர் உருபு ஒட்டி வினையாக வந்தால் யோசிக்கவே வேண்டாம், சரிபார்ப்பதுதான். ‘எ செக் ஆன்’ என்று பெயர்ச்சொல்லாக வந்தால் மட்டும் கவனம்: ‘எ செக் ஆன் பவர்’ என்பது அதிகாரத்தின்மீது தடை.